"என்னால முடியல" என்று யார் முதலில் சொல்வது?

எங்கள் சைக்கிள் பந்தய அணிக்கு இந்த வருடம் புதிதாக வந்த பையன் ஒருவன், முன்பருவ முகாமுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வியைப் போட்டான். "அண்ணா, இந்த கேம்ப் எதுக்கு? வீட்டுல டிரெய்னர்ல உக்காந்தா இதைவிடச் சுத்தமா ஓட்டலாமே?" டிரெய்னர் என்றால் சைக்கிளை வீட்டுக்குள் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் கருவி. கிண்டலாகக் கேட்கவில்லை, கணக்கோடுதான் கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அணி, ஒற்றுமை, புரிதல் என்று எல்லாரும் வழக்கமாகச் சொல்வதுதான். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் நான் சொன்ன பதில் எனக்கே ஒட்டவில்லை. முகாம் முழுக்க அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, முகாம் முடிந்த பிறகும் விடவில்லை.

ஏனென்றால் கணக்கில் அவன் சொல்வது சரி. சீசன் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி மெதுவான, நீளமான ஓட்டம். ஸ்டீஃபன் சைலர் என்ற ஆய்வாளர், பல விளையாட்டுகளில் உயர்நிலை வீரர்களின் பயிற்சியைப் பார்த்து, அதில் ஏறத்தாழ 80 சதவீதம் மூச்சு வாங்காத வேகத்தில்தான் நடக்கிறது என்று எழுதினார். அதற்கப்புறம் 'சோன் 2' என்பது எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம். கொழுப்பை எரிக்கும் திறனும், தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும், இரத்த நுண்குழாய்களும் பெருகுவதற்கு அந்த மந்தமான மணிநேரங்கள்தான் அடித்தளம். டிரெய்னரில் மிதிக்கும் சக்தியை 190 வாட் என்று வைத்துவிட்டால் அது உங்களை 190-லேயே பிடித்து வைத்திருக்கும். இறக்கம் இல்லை, சிக்னல் இல்லை, நாய் குறுக்கே வராது. மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரமும் மிதிக்கிறீர்கள்.

சாலையில் பத்துப் பேரோடு போனால் இது எதுவும் நடக்காது. முன்னால் காற்றை வாங்குகிறவர் 250 வாட் போடும்போது, அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவர் 170, 180-ல் ஹாயாக வந்துகொண்டிருப்பார். ஏற்றம் வந்தால் கனமான ஆள் திணறுவார், ஒல்லி ஆள் சலித்துப்போவார். அதாவது அந்தந்த நிமிடத்தில் யாருமே அவரவருக்கு எழுதிக் கொடுத்த வேகத்தில் ஓட்டுவதில்லை. கூட்டமாக ஓட்டும் சோன் 2 என்பது, உடலியல் கண்ணோட்டத்தில், எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தப்பான பயிற்சி.

இருந்தும் உலகத்தில் எந்தத் தொழில்முறை அணியும் முகாமை விடவில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஸ்பெயினின் கால்பே ஊருக்குப் போனால், ஒரு சாலை வளைவுக்குள் இரண்டு மூன்று அணிகளைப் பார்த்துவிடலாம் என்கிற அளவுக்குக் கூட்டம். மயோர்க்கா தீவு அதேபோல. மலை வேண்டுமென்றால் டெனரீஃப் தீவில் டெய்டே எரிமலைக்குப் பக்கத்தில், கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல், சுற்றிலும் லாவாப் பாறையைத் தவிர ஒன்றுமே இல்லாத ஒரு ஹோட்டல். வெயில், உயரம், புது சைக்கிளில் உட்காரும் நிலையைச் சரிபார்ப்பது, அணி இயக்குநர்களோடு பந்தய அட்டவணை பேசுவது என்று காரணங்கள் உண்டு, எல்லாம் நியாயமானவைதான். ஆனால் இவற்றில் எதுவுமே நான் அந்தப் பையனுக்குச் சொன்ன 'ஒற்றுமை' அல்ல. வெயிலுக்காக ஒரு ஆள் தனியாகவே கால்பே போகலாம்.

வட்டமாக உட்கார்ந்த மாலை

எங்கள் முகாமில் ஒற்றுமைக்கென்றே ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்தார், நல்ல மனிதர். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தோம். கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் தன்னுடைய ஒரு பலவீனத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர், "அளவுக்கு மீறி உழைச்சிடுவேன், அதான் என் பலவீனம்" என்றார். இன்னொருவர், தோல்வியை ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பாது என்றார். வேலை நேர்காணலில் சொல்கிற பலவீனங்கள். நானும் அதே தரத்தில்தான் ஒன்றைச் சொன்னேன். சிரித்தோம், கைதட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

இந்த மாதிரி மாலைகளைக் கேலி செய்வது சுலபம், அதனால் நான் செய்யப்போவதில்லை. முதல் நாளில் பேர் தெரியாமல் இருந்தவர்களின் பேர் தெரிந்தது. அதுவரைக்கும் லாபம். ஆனால் அதைத்தான் அணியைக் கட்டிய தருணம் என்று பிறகு நிர்வாகத்தில் பேசியபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

இதைவிடக் கடுமையாக முயன்றவர்கள் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் பியார்னே ரீஸ் என்ற முன்னாள் வீரர், தான் நடத்திய சி.எஸ்.சி. அணியை குளிர்காலத்தில் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது சைக்கிள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. டென்மார்க் சிறப்புப் படையில் இருந்த பி.எஸ். கிறிஸ்டியன்சன் என்பவரிடம் வீரர்களை ஒப்படைத்துவிட்டார். சைக்கிளே கிடையாது. தூக்கம் குறைவு, குளிர் அதிகம், குழுவாகச் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைகள். ரீஸை முன்மாதிரி என்று சொல்ல வரவில்லை. 1996-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தபோது ஈ.பி.ஓ. என்ற ஊக்கமருந்தை எடுத்ததை 2007-ல் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அந்த முகாமில் எங்கள் வட்ட மாலையில் இல்லாத ஒன்று இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே பலவீனத்தை யாரும் யோசித்துத் தயார் செய்து சொல்ல முடியாது. தூங்காத மூன்றாம் நாள் அது தானாகவே வெளியே வந்து நிற்கும், பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். சரி, இதற்காக எல்லாரும் காட்டுக்குப் போக வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. எங்களுக்கு அந்த வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை.

பக்கத்தில் ஓட்டுகிறவர்

முகாமில் உண்மையில் நடப்பது என்ன என்று பார்த்தால், நீங்கள் ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் ஒரு ஆளின் பக்கத்திலோ பின்னாலோ இருக்கிறீர்கள். வேறெந்த வேலையிலும் இப்படி ஒரு மனிதனின் முதுகை இவ்வளவு நேரம் பார்க்கும் வாய்ப்பு கிடைக்காது. நாலாம் நாளுக்குள் யார் வலது தோளைத் தூக்கி ஓட்டுவார், யார் களைத்தால் முழங்கால் வெளிப்பக்கம் போகும், யார் பாட்டில் எடுக்கும்போது ஒரு சாண் விலகுவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். யாரும் சொல்லித் தருவதில்லை. தெரிந்துகொள்ளாவிட்டால் விழுவீர்கள், அவ்வளவுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் பக்கவாட்டில் தொட்டால், பெரும்பாலும் அவர் போய்க்கொண்டே இருப்பார், தரையில் கிடப்பது நீங்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் ஃப்ரீஹப் சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்திலிருந்து 'டிக்டிக்டிக்' என்று வருமே, அது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு குரல் உண்டு. சிலது வண்டு மாதிரி இரையும், சிலது அநேகமாகக் கேட்கவே கேட்காது. வரிசையின் நடுவில் இருக்கும்போது திரும்பிப் பார்க்காமலே பின்னால் யார் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். அதைவிட முக்கியம், அது எப்போது கேட்கிறது என்பது. பதற்றமான ஆள் இரண்டு மிதி மிதித்துவிட்டு ஒரு நொடி விடுவார், மறுபடி மிதிப்பார், மறுபடி விடுவார். அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் அதே மாதிரி இழுபட வேண்டியிருக்கும். நல்ல ஆள் கால் சுற்றிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் நிமிர்ந்து நெஞ்சில் காற்று வாங்கி வேகத்தைக் குறைப்பார், ஹப் வாய் திறக்காது. நன்றாக ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய ஹப் திடீரென்று பேச ஆரம்பித்தால், அவர் களைத்துவிட்டார் என்று பொருள். இடைவெளி விழுகிறது, விரட்டிப் பிடிக்கிறார், அதிகமாகிவிடுகிறது, மிதிப்பதை விடுகிறார். அவர் வாயால் சொல்லும் முன்பே சக்கரம் சொல்லிவிடும்.

ஆனால் வாயால் சொல்வதில்லை என்பதுதான் பிரச்சினை. இரண்டு இரண்டு பேராக ஓட்டும்போது ஹாஃப்-வீலிங் என்று ஒரு நோய் உண்டு. பக்கத்தில் இருப்பவரைவிட எப்போதும் அரைச் சக்கரம் முன்னால் இருப்பது. நீங்கள் ஈடுகொடுக்க வேகம் கூட்டினால் அவர் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். யாரும் போட்டி போடவில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போட்டி போடுவார்கள். முகாமின் முதல் நாள்களில் இது உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் யார் உழைத்தார், யார் தின்று தூங்கினார் என்று ஒருவரையொருவர் அளக்கும் காலம் அது. பந்தயத்துக்கு யாரைத் தேர்வு செய்வது என்று இயக்குநர் பின்னால் வண்டியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். சோன் 2 என்று கிளம்பிய ஓட்டம் சோன் 4-ல், மூச்சு வாங்கும் வேகத்தில், முடியும். இரவு ஸ்ட்ராவா என்ற பயிற்சிப் பதிவுச் செயலியில் 'ஈஸி ஸ்பின்' என்று தலைப்புப் போட்டு ஏற்றுவார்கள்.

இது வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் சாலை பொதுச் சாலை. 2016 ஜனவரியில் அலிகாண்டே பகுதியில் பயிற்சியில் இருந்த ஜெயன்ட்-அல்பெசின் அணியின் ஆறு வீரர்கள்மீது, சாலையின் தப்பான பக்கத்தில் எதிரே வந்த கார் மோதியது. அதற்கு முந்தைய வருடம்தான் மிலான்-சான் ரெமோ, பாரிஸ்-ரூபே என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்றிருந்த ஜான் டெகன்கோல்ப் ஒரு விரலை இழக்க இருந்தார். அந்த விபத்தில் வீரர்கள்மீது துளித் தப்பும் கிடையாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த எவரும், இருக்கிற ஆபத்து போதாதென்று நம்முடைய வீம்பையும் அதோடு சேர்க்க வேண்டாம் என்றுதான் நினைப்பார்கள்.

காற்று அடித்த அந்த நாள்

முகாமின் பிற்பாதியில், ஓய்வு நாளுக்கு மறுநாள், குறுக்குக்காற்றில் எஷலான் பயிற்சி. வண்டி நடமாட்டமே இல்லாத, ஒரு மரம்கூட மறைக்காத சமதளச் சாலை. பின்னால் எங்கள் வண்டி. காற்று வலது முன்பக்கத்திலிருந்து அடித்தது. அப்படி அடித்தால் நேர் பின்னால் நிற்பதில் பயன் இல்லை. முன்னால் இருப்பவருக்குக் கொஞ்சம் இடதுபக்கம் பின்தள்ளி நின்றால்தான் மறைவு. ஆகவே வரிசை சாலைக்குக் குறுக்கே விசிறி மாதிரி விரியும், அதுதான் எஷலான். முன்னால் வந்தவர் சில நொடிகள் இழுத்துவிட்டு, காற்று வரும் பக்கமாக விலகிப் பின்னால் நகர்வார். அவருடைய மறைவில் அடுத்தவர் முன்னேறுவார். சுற்றிக்கொண்டே இருக்கும். சாலை அகலத்துக்குள் எத்தனை பேர் அடங்குவார்களோ அத்தனை பேருக்குத்தான் இடம். மிச்சம் இருப்பவர்கள் சாலையின் ஓரத்தில் ஒற்றை வரிசையில், மறைவே இல்லாமல், ஒவ்வொருவராக அறுந்துபோவார்கள். பந்தயத்தில் ஒரு சீசனையே இப்படிப் பத்து நிமிடத்தில் தொலைக்கலாம்.

எங்களுக்கு அது அன்றைக்கு வரவே இல்லை. சுற்று அமைவதும் உடைவதுமாக இருந்தது. காரணம் எல்லாருக்கும் தெரியும். தன் முறை வரும்போது யாரோ ஒருவர் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவார், தான் பலமாக இருப்பதைக் காட்ட. அவருக்குப் பின்னால் இருப்பவர் ஏற்கனவே தீர்ந்துபோயிருப்பார், ஆனால் அவரும் தன் முறையை விடமாட்டார். முன்னால் வந்து நாலு மிதியில் செத்துப்போவார். இடைவெளி விழும். விழுந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று பேரும் அவரோடு சேர்ந்து போய்விடுவார்கள். ரேடியோவில் கோச் கத்துவார். மறுபடி சேர்ந்து மறுபடி தொடங்குவோம். ஒவ்வொரு தடவையும் குற்றவாளி வேறு ஆள், குற்றம் மட்டும் அதேதான்.

எங்கள் கேப்டன் அணியிலேயே மூத்தவர், ஜெயித்தவையும் அவருக்குத்தான் அதிகம். அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தது என்று கேள்விப்பட்டிருந்தோம், எவ்வளவு என்று தெரியாது. அவர் சுற்றில் பின்னோக்கி நகர்ந்து கடைசி இடத்துக்கு வந்தார். அங்கிருந்து இடது வரிசைக்கு மாறி மறுபடி முன்னேற வேண்டும். மாறவில்லை. கடைசியிலேயே நின்றுகொண்டு, ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து முன்னால் காட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "என்னால முடியல. நான் பின்னாடி இருக்கேன். எனக்கு முன்னாடி எறங்கிக்கோ." அப்போது எனக்கு முந்தைய ஆள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தான், அடுத்த முறை எனக்கு. நான் பின்னால் வந்தபோது கேப்டன் சரியாக ஒரு சைக்கிள் இடம் விட்டு வைத்திருந்தார். "வா, வா, எறங்கு" என்றார். உதட்டோரத்தில் உப்புப் படிந்திருந்தது, பார்வை என் இடுப்பில்தான் இருந்தது, முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் அதே சொற்களைச் சொன்னார். அப்புறம் எங்கள் ஸ்பிரின்டர் (பந்தயத்தின் கடைசிப் பாய்ச்சலுக்கான ஆள்), இரண்டு சுற்று மட்டும் வெளியே இருந்துவிட்டு, "இப்ப ஓகே, வர்றேன்" என்று மறுபடி உள்ளே வந்தார். முன்னால் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் குறைந்துபோனார்கள், ஆனால் வேகம் குறையவில்லை. காலையிலிருந்து உடைந்துகொண்டே இருந்த சுற்று, அந்தச் சாலை முடியும்வரை உடையவில்லை. பின்னால் இருந்தவர்கள் வெறும் சுமையும் அல்ல. ஒவ்வொருவர் வரும்போதும் இடம் விட்டு, குரல் கொடுத்து, சுற்று எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அந்தக் குரல் இல்லாவிட்டால் பின்னால் நகர்கிறவர் யாருடைய சக்கரத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் தொலைவார்.

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. முந்தைய மாலை வட்டமாக உட்கார்ந்து நாங்கள் செய்ய முயன்று முடியாமல் போனதை, கேப்டன் ஒரு மூச்சில் செய்துவிட்டார். வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை சொன்னது உண்மை, சொன்ன நேரமும் சரி. பத்து நொடி தாமதித்திருந்தால் அவரோடு நாலு பேர் அறுந்திருப்போம். அணிக்கு வேண்டியது ஒருவரையொருவர் பிடித்திருப்பது அல்ல, எவருடைய கால் எந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்ற சரியான தகவல். அந்தத் தகவலைக் கொடுக்க வெட்கப்படாத பழக்கம் ஏப்ரலில் பந்தயத்துக்கு நடுவில் வராது. தோற்றால் ஒன்றும் போகாத ஜனவரியில்தான் அதைப் பழக முடியும். டிரெய்னரில் முடியாமல் போனால் பட்டனை அழுத்தி 190-ஐ 170 ஆக்கிவிடலாம், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பையனுடைய கணக்கில் விட்டுப்போனது அதுதான்.

பந்தயத்தில் இதன் விலை என்ன என்பது கடைசிப் பாய்ச்சலில் தன் ஸ்பிரின்டருக்கு முன்னால் காற்றை வாங்கி இழுத்துக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். கடைசி இருபது கிலோமீட்டரில் ரேடியோவில் கேட்பார்கள், "கால் எப்படி?" என்று. "நல்லாருக்கு" என்று பொய் சொல்கிற ஆள், கோட்டுக்கு 500 மீட்டர் இருக்கும்போதே தீர்ந்துபோவார். 200 மீட்டரில் கிளம்ப வேண்டிய ஸ்பிரின்டர் அங்கேயே காற்றில் வெறுமையாக நிற்பார். "இன்னைக்கு இல்ல" என்று முன்பே சொல்லியிருந்தால் வேறொருவரை அந்த இடத்தில் போட்டிருக்கலாம். அந்தப் பொய்யைச் சொல்பவர் கெட்டவர் அல்ல, பெரும்பாலும் மிக விசுவாசமான ஆள். அணியை ஏமாற்றக் கூடாது என்றுதான் ஏமாற்றுகிறார்.

நண்பர்களாக இருக்க வேண்டுமா?

2009 டூர் டி பிரான்ஸை நான் அடிக்கடி நினைப்பேன். அஸ்டானா அணியில் அல்பெர்டோ கொன்டடோரும் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கும். 2008 டிசம்பரில் டெனரீஃபில் ஒன்றாக முகாம் போட்டவர்கள்தான். மூன்றாம் கட்டத்தில் லா கிராந்த் மோத் போகும் வழியில் குறுக்குக்காற்று அடித்தது, கொலம்பியா என்ற இன்னொரு அணி கூட்டத்தைப் பிளந்தது. ஆம்ஸ்ட்ராங் முன்குழுவில், கொன்டடோர் பின்குழுவில். முன்னால் ஆம்ஸ்ட்ராங்கோடு இருந்த அஸ்டானா வீரர்கள் இருவரும் வேகத்தைக் கூட்டி உதவினார்கள், தங்கள் அணிக்காரரே பின்னால் இருக்கும்போது. கொன்டடோர் 41 நொடி இழந்தார். ஒரே அணிக்குள் போர் என்று உலகமே பேசியது. மறுநாள் மோன்பெலியேயில் அணி நேர ஓட்டம். அணியே ஒன்றாகச் சேர்ந்து கடிகாரத்தோடு போட்டியிடும், ஒருவர் சக்கரத்தை ஒருவர் அங்குலக் கணக்கில் நம்ப வேண்டிய பந்தயம். அதை ஜெயித்தது அஸ்டானா.

பேசிக்கொள்ளவே பிடிக்காதவர்கள், ஒரே கோட்டில், உலகத்திலேயே வேகமாக. கொன்டடோர் அந்த டூரை ஜெயித்தார். ஆம்ஸ்ட்ராங்கின் மூன்றாம் இடம் பிறகு ஊக்கமருந்துக்காக அவருடைய ஏழு டூர் பட்டங்களோடும் பறிக்கப்பட்டது, அது வேறு கதை. இந்த இரண்டு நாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், நட்பு இருந்தால்தான் சேர்ந்து ஓட்ட முடியும் என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. அணி நேர ஓட்டத்தில் பொய்க்கு இடமே இல்லை. நாலாவது அல்லது ஐந்தாவது ஆள் கோட்டைத் தாண்டும் நேரம்தான் பொதுவாகக் கணக்கு, அதனால் ஆளை இழப்பது எல்லாருக்கும் நட்டம். தீர்ந்துபோனவர் முறையைத் தவிர்த்துப் பின்னால் நிற்பது அங்கே கேவலம் இல்லை, நடைமுறை. ஆனால் முந்தைய நாள் காற்றில், யார் யாருக்காக ஓட்டுகிறார்கள் என்ற கேள்விக்கே அந்த அணியில் பதில் இல்லை. முகாமில் பேசப்படாமல் போனது அங்கே சாலையில் வந்து நின்றது.

2023-ல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் யம்போ-விஸ்மா அணிக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. அங்லிரு மலையில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் போடும் சிவப்புச் சட்டையில் செப் குஸ். வருடக்கணக்கில் தன் அணியின் நட்சத்திரங்களான ரோக்லிச்சுக்கும் விங்கேகாருக்கும் மலையில் இழுத்துக் கொடுத்தவர். அந்த இருவரும் அவரை விட்டுவிட்டு மேலே போனார்கள். வேறு அணிக்காரரான மிகெல் லாண்டாவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிய குஸ், வெறும் 8 நொடி வித்தியாசத்தில் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்கப்புறம்தான் அணி உட்கார்ந்து அவருக்காக ஓட்டுவது என்று முடிவெடுத்தது. கடைசியில் மூன்று பேரும் முதல் மூன்று இடங்கள். அணிகள் இவ்வளவு அறிவியலாக நடக்கும் காலத்திலும், உலகத்தின் மிகப் பலமான அணிகூட இந்தப் பேச்சை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போட்டுவிட்டது என்று பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 121 பேர் கொண்ட பெலோடானில், அதாவது பந்தயத்தின் பெருங்கூட்டத்தில், நடுவிலும் பின்பகுதியிலும் இருப்பவருக்கு, அதே வேகத்தில் தனியாகப் போகிறவர் சந்திக்கும் காற்றுத்தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டுபிடித்தார்கள். எல்லாரும் மேற்கோள் காட்டுவது அந்த எண்ணைத்தான். அதே மனிதர்களின் வேறொரு கண்டுபிடிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். பின்னால் ஒருவர் ஒட்டி வந்தால் முன்னால் இருப்பவருக்கும் தடை இரண்டு மூன்று சதவீதம் குறைகிறது. களைத்துப்போய் ஒன்றும் செய்யாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்கூட, ஒட்டிக்கொண்டு வந்தால், உதவுகிறார். அறுந்துபோனால்தான் ஒன்றுமில்லை.

இதிலும் ஒரு சிக்கல்

அந்தக் காற்று நாளுக்கப்புறம் நாங்கள் சில பழக்கங்களை மாற்றினோம். முகாம் முடியும்வரை யாரும் எதையும் ஸ்ட்ராவாவில் ஏற்றக் கூடாது. மெதுவான நாள்களில் ஹேண்டில்பாரில் இருக்கும் குட்டிக் கணினியான ஹெட்யூனிட்டில் வேகம் வரும் பக்கத்தையே எடுத்துவிட்டோம். ஹாஃப்-வீலிங் செய்கிறவருக்குப் பக்கத்தில் கேப்டன் போய் ஓட்டுவார், அவர் எவ்வளவு முன்னால் போனாலும் வேகம் கூட்டவே மாட்டார். அது பார்க்கவே நன்றாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் மனிதர் தானாகத் திரும்பி வந்துவிடுவார். இவை எல்லாம் வேலை செய்தன.

வேலை செய்யாத ஒன்றும் உண்டு. "என்னால முடியல" என்று சொல்வது அவமானம் இல்லை என்று ஆகிவிட்டால், அதைச் சீக்கிரமாகச் சொல்லப் பழகுகிறவர்களும் வருவார்கள். எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், காற்று ஏறத் தொடங்கியதுமே பின்னால் போய் உட்கார்ந்து "எறங்கிக்கோ" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். இடம் விடுகிறார், நன்றாகக் குரல் கொடுக்கிறார், குறையே சொல்ல முடியாது. ஆனால் கடைசி ஏற்றத்தில் எல்லாரையும் தாண்டிப் போகிறார். கோச்சுக்கு இதில் கோபம், வாட் கோப்புகளை எடுத்து நேரடியாகக் கேட்டுவிட வேண்டும் என்கிறார். கேப்டன் வேண்டாம் என்கிறார். ஒருவர் சொன்னதை ஒரு தடவை எண்களை வைத்துச் சோதித்துவிட்டால், அதற்கப்புறம் யாரும் எண் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி.

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஒருவேளை அவருக்கு நிஜமாகவே குறுக்குக்காற்று என்றால் பயமாக இருக்கலாம், ஏற்றத்தில் பயம் இல்லாமல் இருக்கலாம். அது சோம்பல் அல்ல, அதற்கு மருந்தும் வேறு. இப்போதைக்கு ஏற்பாடு இதுதான்: முதல் பந்தயம் வரைக்கும் நீளமான ஓட்டங்களில் அவர் எனக்கு நேர் பின்னால் ஓட்டுவார். அவருடைய ஹப் சத்தம் அதிகம், வசதியாகப் போயிற்று.